சிவப்புப் புத்தகம் இரண்டு முறை: மாட் பஸ்பி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை ராத்திரி மேட்ச் பார்க்கக் கூடும் எங்கள் கூட்டத்தில் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: "ஒரு மேனேஜரை மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மைதானத்துலயே மறிச்சு, 'இதுதான் உங்க வாழ்க்கை'ன்னு டிவிக்காரர் சிவப்புப் புத்தகத்தை நீட்டினார். அதுவும் அந்த ஆளுக்கு அது ரெண்டாவது தடவை." அன்றிலிருந்து ஆளுக்கொரு சந்தேகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மாட் பஸ்பின்னா யாரு? சுருக்கமா சொல்லுங்க.

மான்செஸ்டர் யுனைடெட் என்ற இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பின் மேனேஜர். 1945 முதல் 1969 வரை ஒரே மூச்சில். பிறகு 1970 டிசம்பர் கடைசியிலிருந்து 1971 மே வரை மறுபடியும். ஐந்து லீக் பட்டம், இரண்டு எஃப்.ஏ. கோப்பை (தோற்றால் வெளியே என்கிற இங்கிலாந்துப் போட்டி), ஒரு ஐரோப்பியக் கோப்பை (ஐரோப்பாவின் சாம்பியன் கிளப்கள் மோதுவது). 1968-ல் சர் பட்டம். 1909 மே 26-ல் பிறந்தவர், 1994 ஜனவரி 20-ல் இறந்தார்.

இங்கிலீஷ்காரர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஸ்காட்லாந்துக்காரர்.

மேனேஜர்னா கோச்தானே? எதுக்கு ரெண்டு பேர்?

நம் ஊரில் மேனேஜர் என்றால் பேங்க் நினைவுக்கு வரும், அல்லது அணிக்கு ஓட்டல் ரூம் போடுகிறவர். இங்கிலாந்துக் கால்பந்தில் அந்தச் சொல்லுக்கு எடை வேறு. யாரை வாங்குவது, யாரை விற்பது, சனிக்கிழமை எந்தப் பதினொரு பேர், பயிற்சி எப்படி என எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. கோச் என்பவர் அவருக்குக் கீழே பயிற்சியைக் கவனிப்பவர்.

ஆனால் 1945-ல் இது எழுதி வைத்த விதி இல்லை. பல கிளப்களில் இயக்குநர்கள் உட்கார்ந்து அணியைத் தேர்ந்தெடுப்பார்கள், மேனேஜர் அலுவலகத்தில் கோட்டு சூட்டோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். பஸ்பி சேரும்போதே அணி என் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டார். சேர்மன் ஜேம்ஸ் கிப்சன் மூன்று வருட ஒப்பந்தம் தருகிறேன் என்றபோது, ஐந்து வேண்டும், நான் நினைப்பது நடக்க அவ்வளவு காலமாகும் என்று பேரம் பேசி வாங்கினார். அப்போது அவருக்கு வயது 35, ஒரு நாள்கூட மேனேஜராக இருந்ததில்லை. வேலையில் சேர்ந்ததும் அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் இறங்கி வீரர்களோடு ஆடினார். அந்தக் காலத்துக்கு அது அதிசயம்.

அவரு முதல்ல விளையாடினவரா, இல்ல சும்மா நிர்வாகியா?

நன்றாக விளையாடியவர். கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே பெல்ஸ்ஹில் பக்கத்தில் ஆர்பிஸ்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார். அப்பா 1917-ல் முதல் உலகப் போரில் அராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மா ஹெலன், சொந்தக்காரர்கள் போன வழியில் அமெரிக்காவுக்குக் குடிபோக விண்ணப்பித்தார். அந்தக் காகிதம் வரத் தாமதமான மாதங்களில் பையன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, ஓய்வு நேரத்தில் ஆட்டம் என்று இருந்தான். 1928 பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டி வாரம் 5 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. ஒரு வருடம்தான் ஒப்பந்தம். முடிந்ததும் அம்மாவோடு அமெரிக்கா போக விரும்பினால் போகலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது.

ஆமாம், சிட்டிதான். யுனைடெட்டின் பெரிய சாமி எதிர்க் கோயிலில் வளர்ந்த ஆள். அங்கே 1933, 1934 என்று அடுத்தடுத்து இரண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. முதலாவது எவர்டனிடம் 3-0 தோல்வி, இரண்டாவது போர்ட்ஸ்மத்தை 2-1 வென்று கோப்பை. 1936-ல் லிவர்பூல் 8,000 பவுண்டுக்கு வாங்கியது. இடையில் ஒரு வேடிக்கை: 1930-ல் பஸ்பி சிட்டியில் தடுமாறிக்கொண்டிருந்தபோது யுனைடெட் விலை கேட்டது. சிட்டி 150 பவுண்டு கேட்டது. அதைக் கொடுக்க யுனைடெட்டிடம் காசில்லை.

சிட்டி, லிவர்பூல்னு ஆடிட்டு யுனைடெட்டுக்கு எப்படி வந்தாரு?

போரில் ராணுவ உடற்பயிற்சிப் பிரிவில் இருந்தார். லிவர்பூல் அவரைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. யுனைடெட்டில் லூயி ரோக்கா என்று ஒருவர். ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர், பஸ்பிக்குப் பழக்கமானவர். அவர் ஒரு கடிதம் எழுதினார். அதைத் தொடர்ந்து நடந்ததுதான் மேலே சொன்ன கிப்சன் பேரம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஜிம்மி மர்ஃபி. போர் முடியும் சமயத்தில் இத்தாலியின் பாரி நகரில், படைவீரர்களுக்குக் கால்பந்து பற்றி மர்ஃபி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட பஸ்பி அங்கேயே தன் உதவியாளராக அவரை வரித்துக்கொண்டார். பஸ்பி குரல் உயர்த்தாதவர். மர்ஃபி வேல்ஸ்காரர், வாய் திறந்தால் வெடி. பஸ்பி வென்றதெல்லாம் இந்த ஜோடி வென்றது என்பது என் கட்சி.

கிளப்பு அப்ப எப்படி இருந்துச்சு?

மைதானமே இல்லை. 1941 மார்ச்சில் ஜெர்மன் குண்டு விழுந்து ஓல்ட் டிராஃபோர்டின் பிரதான அரங்கு போய்விட்டது. 1949 வரை சொந்த ஊர் ஆட்டங்களைச் சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தில் வாடகைக்கு ஆடினார்கள். இந்த மெய்ன் ரோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

அந்த நிலையில் 1947, 1948, 1949, 1951 என நான்கு முறை லீக்கில் இரண்டாமிடம். 1948-ல் பிளாக்பூலை 4-2 வென்று எஃப்.ஏ. கோப்பை. 1952-ல் லீக் பட்டம். அதற்கு முந்தையது 1911-ல் வந்தது.

"பஸ்பி பேப்ஸ்"னு சொல்றாங்களே, அது என்ன?

1952-ல் ஜெயித்த அணிக்கு வயதாகிவிட்டது. வேறு மேனேஜராக இருந்தால் காசைக் கொட்டி வாங்கியிருப்பார். பஸ்பியும் மர்ஃபியும் பள்ளிக்கூடப் பையன்களைப் பொறுக்கிக்கொண்டுவந்து வளர்த்தார்கள். இளைஞர்களுக்கான எஃப்.ஏ. கோப்பை 1952-53 சீசனில் தொடங்கியது; முதல் ஐந்து வருடமும் யுனைடெட்தான். டங்கன் எட்வர்ட்ஸ் பதினாறு வயதில் முதல் அணிக்கு ஆடினான். 1956-லும் 1957-லும் லீக் பட்டம் வந்தது. "பேப்ஸ்", அதாவது குழந்தைகள், என்பது பத்திரிகைக்காரர் ஒட்டிய பெயர்; பஸ்பிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வாங்கவே இல்லை என்றும் இல்லை. 1953-ல் பார்ன்ஸ்லியிலிருந்து டாமி டெய்லரை வாங்கினார். விலை 29,999 பவுண்டு. முப்பதாயிரம் என்ற பாரம் பையன் தலையில் ஏறக் கூடாதென்று ஒரு பவுண்டைக் குறைத்து, அதை அங்கே தேநீர் கொண்டுவந்த அம்மாவிடம் கொடுத்தாராம்.

சரி, அந்த டிவி நிகழ்ச்சி என்ன? பேட்டியா?

பேட்டி இல்லை. "திஸ் இஸ் யுவர் லைஃப்" என்பது பெயர். அமெரிக்காவில் ரால்ஃப் எட்வர்ட்ஸ் என்பவர் 1948-ல் ரேடியோவில் தொடங்கி, பிறகு டிவிக்குக் கொண்டுபோனது. ஒருவருக்குத் தெரியாமல் அவர் வாழ்க்கையைத் துருவி, பழைய வாத்தியார், படைத் தோழர், சின்ன வயசுச் சிநேகிதர், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் என ஆட்களைத் திரட்டி, திடீரென்று அவரைப் பிடித்து உட்காரவைத்து, ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து முதலில் குரல் மட்டும் வரும். உட்கார்ந்திருப்பவர் அந்தக் குரலை அடையாளம் காணும் அந்த ஒரு நொடி முகம்தான் நிகழ்ச்சியின் உயிர்.

நம் பாராட்டு விழாவோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம்: இங்கே நாயகருக்கு ஒரு மாதம் முன்பே தெரியும், பொன்னாடை யார் போர்த்துவது என்பதுவரை அவரே பார்த்துக்கொள்வார். அங்கே நாயகரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பிரிட்டன்ல எப்ப வந்துச்சு? கால்பந்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

1955 ஜூலையில் பிபிசியில். சம்பந்தம் முதல் நாளிலேயே இருக்கிறது. முதல் நாயகராக நினைத்திருந்தது பிளாக்பூல் கால்பந்து வீரர் ஸ்டான்லி மாத்யூஸை. விஷயம் பத்திரிகையில் கசிந்துவிட்டது. ரகசியம் போனால் நிகழ்ச்சி போச்சு. அவசரத்துக்கு, நிகழ்ச்சியை நடத்தவிருந்த ஏமன் ஆண்ட்ரூஸையே மடக்கிவிட்டார்கள். அவர் வாழ்க்கையை அமெரிக்காவிலிருந்து வந்திருந்த எட்வர்ட்ஸ் வாசித்தார். அதன் பிறகு 1987-ல் இறக்கும்வரை புத்தகம் ஆண்ட்ரூஸ் கையில்தான் இருந்தது.

சிவப்புப் புத்தகத்துக்குள்ள நிஜமா என்ன இருக்கும்?

நிகழ்ச்சியின்போது உள்ளே இருப்பது ஆண்ட்ரூஸ் வாசிக்கும் உரைதான். அட்டை அலங்காரம், உள்ளே ஸ்கிரிப்ட். முடிந்த பிறகு, அன்றைய புகைப்படங்களோடு கட்டிய ஆல்பம் நாயகருக்குப் போகும். அதனால் "அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரா" என்று கேட்டால், ஆமாம், ஆனால் அதே பக்கங்களை அல்ல.

முன்னாடியே தெரிஞ்சுதானே வந்திருப்பாங்க? எல்லாம் நடிப்பு.

இந்தச் சந்தேகம் பிரிட்டனிலும் இருந்தது. ஆனால் விதி கறாரானது: நாயகருக்குத் தெரிந்துவிட்டால் கைவிடுவார்கள். அலுவலகத்தில் பெயர் சொல்லாமல் சங்கேதப் பெயர். வீட்டில் மனைவியோ கணவனோ கூட்டுச் சேராமல் நடக்காது, ஆகவே சில வாரங்களுக்கு வீட்டில் எல்லோரும் பொய்யர்கள்.

நடிப்பில்லை என்பதற்கு நல்ல சாட்சி டானி பிளாஞ்ச்ஃபிளவர். டாட்டன்ஹாம் கால்பந்து கிளப்பின் கேப்டன். 1961-ல் ஆண்ட்ரூஸ் புத்தகத்தை நீட்டியதும், மாட்டேன் என்று சொல்லி நடையைக் கட்டிவிட்டார். தன் சொந்த வாழ்க்கைக்குள் நுழைய இவர்கள் யார் என்பது அவர் எண்ணம். முதன்முதலில் மறுத்தவர் அவர்தான். எனக்கென்னவோ அவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. அவருடைய தம்பி ஜாக்கி பஸ்பியின் அணியில் ஆடியவர். அந்தத் தம்பிக்கு என்ன ஆனது என்பது கீழே வருகிறது.

பஸ்பிக்கு முதல் தடவை எப்ப நடந்துச்சு?

1958 ஜனவரியில். பிபிசியின் மான்செஸ்டர் டிவி ஸ்டுடியோவில் ஆண்ட்ரூஸ் அவரை மடக்கினார். பிரிட்டனில் அந்த வரிசையின் 66-வது நாயகர். வயது 48.

அந்த மாதத்தில் அவர் நிலையைப் பாருங்கள். தொடர்ச்சியாக இரண்டு லீக் பட்டம். அணியின் சராசரி வயது இருபதுகளின் தொடக்கம், இன்னும் பத்து வருடம் ஓடும். ஐரோப்பியக் கோப்பையில் காலிறுதி. போதாததற்கு ஸ்காட்லாந்து தேசிய அணிக்கும் மேனேஜராக அதே ஜனவரியில் நியமனம். இதற்கு முன் ரியல் மாட்ரிட்டே கூப்பிட்டுப் பார்த்து, அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். ஒரு மனிதரின் கதையை மேடையில் சொல்ல இதைவிட நல்ல நேரம் உண்டா என்று தயாரிப்பாளர்கள் நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை. இன்று பார்க்கையில், அறுபதாம் கல்யாணத்தை நாற்பத்தெட்டில் நடத்தியது போல இருக்கிறது.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

ஒரு மாதம். பிப்ரவரி 5-ல் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம், பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியுடன் 3-3. முதல் ஆட்டத்தில் 2-1 வென்றிருந்ததால் அரையிறுதி உறுதி. மறுநாள் திரும்பும் வழியில் எரிபொருளுக்காக மியூனிக்கில் இறங்கினார்கள். ஓடுபாதையில் பாதி உருகிய பனி, சேறு போல. இரண்டு முறை கிளம்பப் பார்த்து நிறுத்தினார்கள். மூன்றாவது முறை விமானம் மேலெழவில்லை. வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் மோதியது.

எட்டு வீரர்கள் இறந்தார்கள்: ரோஜர் பைர்ன், ஜெஃப் பென்ட், எடி கோல்மன், மார்க் ஜோன்ஸ், டேவிட் பெக், டாமி டெய்லர், பில்லி வீலன், பதினைந்து நாள் போராடிய டங்கன் எட்வர்ட்ஸ். கிளப் செயலாளர் வால்டர் கிரிக்மர், பயிற்சியாளர்கள் டாம் கரி, பெர்ட் வாலி ஆகியோரும் போனார்கள். ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவரும் ஜானி பெரியும் பிழைத்தார்கள், ஆனால் அதன்பின் ஆடவே முடியவில்லை.

சிலர் 21 பேர்ங்கிறாங்க, சிலர் 23ங்கிறாங்க. எது சரி?

விமானத்தில் 44 பேர். இறந்தவர்கள் 23, பிழைத்தவர்கள் 21. இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். முதல் நாள் செய்தித்தாள்களில் எண்ணிக்கை குறைவாக இருந்ததும் ஒரு காரணம். எட்வர்ட்ஸும் துணை விமானி கென்னத் ரேமெண்டும் ஆஸ்பத்திரியில் பிறகு இறந்தவர்கள்.

தப்பு பைலட் மேலதானே?

ஜெர்மன் விசாரணை அப்படித்தான் சொன்னது: இறக்கையில் பனிக்கட்டி படிந்திருந்ததைக் கேப்டன் ஜேம்ஸ் தெய்ன் கவனிக்கவில்லை என்று. ஓடுபாதைச் சேறு சக்கரத்தை இழுத்து வேகத்தைக் கொன்றது என்று தெய்ன் வாதாடினார். 1969-ல் பிரிட்டிஷ் விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. பதினொரு வருடம். வேலை போய் வெகுநாளாகியிருந்தது.

பஸ்பி எப்படிப் பிழைச்சாரு?

மார்பு நசுங்கி, ஆக்சிஜன் கூடாரத்துக்குள் கிடந்தார். பாதிரியார் வந்து இரண்டு முறை இறுதிச் சடங்கு மந்திரம் சொல்லிவிட்டார். யார் யார் போனார்கள் என்று டாக்டர்கள் சொல்லவிடவில்லை. பிறகு மனைவி ஜீன் பக்கத்தில் இருக்கும்போது அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டார். ஜீன் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

கால்பந்தே வேண்டாம் என்றுதான் இருந்தார். ஐரோப்பாவுக்குப் போகாதே என்று லீக் நிர்வாகம் சொன்னதை மீறி 1956-ல் அணியைக் கூட்டிப்போனது அவர்தான். சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்குத் திரும்பியாக வேண்டிய நெருக்கடியில்தான் தனி விமானம் வைத்தார்கள். அந்தப் பாரம் அவரை அழுத்தியது. பையன்கள் இருந்தால் நீங்கள் தொடரத்தானே சொல்வார்கள் என்று ஜீன் பேசித் திருப்பினார். ஏப்ரலில் ஊர் திரும்பி, மே 3-ல் வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதிக்குக் கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். போல்டன் 2-0 வென்றது.

அவரு ஆஸ்பத்திரில இருந்தா அணியை யாரு பாத்துக்கிட்டது?

மர்ஃபி. அவர் வேல்ஸ் தேசிய அணியையும் கவனித்து வந்ததால், இஸ்ரேலுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்காகக் கார்டிஃபில் இருந்தார்; விமானத்தில் இல்லை. பிப்ரவரி 19-ல் ஷெஃபீல்ட் வென்ஸ்டேவுடன் ஆட்டம். யார் ஆடுவார்கள் என்று அச்சுக்குப் போகும்வரை தெரியாததால் நிகழ்ச்சி நிரல் தாளில் யுனைடெட் பக்கம் பதினொரு இடமும் காலி. யுனைடெட் 3-0 வென்றது. அங்கும் இங்கும் ஆள் பிடித்து அந்த அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோன மர்ஃபிக்கு சர் பட்டம் எதுவும் வரவில்லை.

மியூனிக்குக்கு அப்புறம் பத்து வருஷத்துல, 1968-ல, ஐரோப்பியக் கோப்பைன்னு சொல்றீங்க. நேரா ஏறிட்டாங்களா?

இல்லவே இல்லை. 1963-ல் லீக்கில் 22 அணிகளில் 19-வது. இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் தப்பியது பெரிய பாடு. அதே வருடம் லெஸ்டரை 3-1 வென்று எஃப்.ஏ. கோப்பை எடுத்தது விந்தை. டெனிஸ் லாவை டொரினோவிலிருந்து 1,15,000 பவுண்டுக்கு 1962-ல் வாங்கியிருந்தார். பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த பையன் ஜார்ஜ் பெஸ்ட் 1963-ல் முதல் அணிக்கு வந்தான். மியூனிக்கில் பிழைத்த பாபி சார்ல்டன் ஏற்கனவே இருந்தார். 1964-ல் லா, 1966-ல் சார்ல்டன், 1968-ல் பெஸ்ட் என ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது மூன்று பேருக்கும் வந்தது. 1965, 1967 லீக் பட்டங்கள்.

1968 மே 29, வெம்ப்ளி, பென்ஃபிகா. கூடுதல் நேரத்தில் 4-1. அன்று களத்தில் மியூனிக் விமானத்தில் இருந்தவர்கள் இருவர்: சார்ல்டன், பில் ஃபௌல்க்ஸ். வெளியே பஸ்பி.

ரெண்டாவது நிகழ்ச்சி ஏன்? ஒருத்தருக்கு ஒரு தடவைதானே?

அதுவரை ஒரு தடவைதான். இரண்டாவது முறை பெற்ற முதல் ஆள் பஸ்பி. நிகழ்ச்சி 1964-ல் பிபிசியில் நின்று, 1969-ல் ஐடிவிக்காகத் தேம்ஸ் டிவி மீண்டும் தொடங்கியது. ஆகவே முதல் புத்தகம் பிபிசியுடையது, இரண்டாவது போட்டிச் சேனலுடையது. நீட்டிய கை மட்டும் ஒன்றே.

விதியைத் தளர்த்தினார்கள் என்று சிலர் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1958 ஜனவரியில் வாசித்த கதை பிப்ரவரியிலேயே பழசாகிவிட்டது. வேறு யாருக்காவது இந்த விதியைத் தளர்த்த இவ்வளவு வலுவான காரணம் இருந்திருக்குமா தெரியவில்லை.

மைதானத்துல மறிச்சாங்கன்னீங்களே, அது எங்க?

மெய்ன் ரோடு. 1971 மே 5. மான்செஸ்டர் டெர்பி, அதாவது ஒரே ஊர் அணிகளான சிட்டியும் யுனைடெட்டும் மோதும் ஆட்டம்; மேனேஜராகப் பஸ்பிக்கு அது கடைசி ஆட்டம். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், புல்தரையிலேயே ஆண்ட்ரூஸ் வந்து நின்றார்.

அந்த இடத்தை யோசியுங்கள். பதினெட்டு வயசில் வாரம் 5 பவுண்டுக்கு வந்து நின்ற மைதானம் அது. ஓல்ட் டிராஃபோர்ட் இடிந்து கிடந்தபோது மேனேஜராக முதல் நான்கு வருடம் கழிந்ததும் அங்கேதான். 1956-ல் ஐரோப்பியக் கோப்பையின் முதல் சொந்த ஊர் ஆட்டத்தில் ஆண்டர்லெக்டை 10-0 என்று நொறுக்கியதும் அங்கேதான், ஏனென்றால் ஓல்ட் டிராஃபோர்டில் அப்போது மின்விளக்குகள் இல்லை. எதிரணியின் வீட்டில் ஒருவருடைய வாழ்க்கை முழுக்கக் கிடக்கிறது. புத்தகம் இல்லாமலேயே அவரால் வாசித்திருக்க முடியும்.

ஆட்டம் யுனைடெட்டுக்கு 4-3. பெஸ்ட் இரண்டு, லா ஒன்று, சார்ல்டன் ஒன்று.

1969-லயே ஓய்வு பெற்றவரு 1971-ல எப்படி கடைசி ஆட்டம்?

1969-ல் விலகி, தன் பழைய வீரர் வில்ஃப் மெகின்னஸிடம் அணியைக் கொடுத்தார். அது சரிப்படவில்லை, 1970 டிசம்பரில் அவரை நீக்கிவிட்டு, சீசன் முடியும்வரை பஸ்பி திரும்பி வந்தார். பிறகு ஃபிராங்க் ஓ'ஃபாரல் வந்தார், அவரும் நிலைக்கவில்லை. 1974-ல் யுனைடெட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

இதில் பஸ்பிக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பதவியிலிருந்து இறங்கிய பிறகும் கட்டடத்தை விட்டுப் போகாத மாமனார் மாதிரி அவர் அங்கேயே இருந்தார். வீரர்கள் புது மேனேஜரைத் தாண்டி அவரைப் பார்த்தார்கள். பாராட்டு நிகழ்ச்சிகளில் இந்த அத்தியாயம் வராது, வரவும் முடியாது.

அலெக்ஸ் ஃபெர்குசன் பெரியவரா, பஸ்பி பெரியவரா?

வாரத்துக்கு ஒரு முறை வரும் கேள்வி. ஃபெர்குசன் பின்னாளில் யுனைடெட்டின் மேனேஜராக இருந்தவர். லீக் பட்டம் 13-க்கு 5. பதவிக் காலத்திலும் 2010 டிசம்பரில் ஃபெர்குசன் பஸ்பியைத் தாண்டிவிட்டார். எண்ணிக்கை அவ்வளவுதான். ஃபெர்குசனுக்கு நிற்க ஓர் அரங்கு இருந்தது என்பதைச் சேர்த்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள். ஃபெர்குசனின் முதல் ஐரோப்பியக் கோப்பை வந்தது 1999 மே 26. பஸ்பி பிறந்த தேதியை முதல் பதிலில் பாருங்கள்.

ரெண்டு நிகழ்ச்சிக்கும் என்னதான் வித்தியாசம்? கதை ஒண்ணுதானே, கூட பதிமூணு வருஷம்.

இதைக் கேட்டவருக்கு நான் பெயர்களைத்தான் சொன்னேன். 1958 ஜனவரியில் ஆண்ட்ரூஸ் முதல் புத்தகத்தைத் திறந்த அன்று கிரிக்மர் உயிரோடு இருந்தார். கரி இருந்தார், வாலி இருந்தார். கேப்டன் பைர்ன் இருந்தார். எட்வர்ட்ஸுக்கு வயது 21.

ஃபிராங்க் ஸ்விஃப்டும் இருந்தார். மேலே 1934 கோப்பை இறுதிப் போட்டியைச் சொன்னேன் அல்லவா, அதில் சிட்டியின் கோல்கீப்பர். இருபது வயசு, இறுதி விசில் ஊதியதும் பதற்றத்தில் மயங்கி விழுந்தவர். பஸ்பி அப்போது அவருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த, அண்ணன் மாதிரியான சக வீரர். பின்னாளில் ஸ்விஃப்ட் பத்திரிகைக்காரராகி, பெல்கிரேட் ஆட்டத்தை எழுதப் போய், மியூனிக்கில் அதே விமானத்தில் இறந்தார். 1971 மே மாதம் பஸ்பியிடம் இரண்டாவது புத்தகத்தை நீட்டிய மெய்ன் ரோட்டில், ஸ்விஃப்ட் 1933 முதல் 1949 வரை காத்த கோல் அதே இரண்டு முனைகளில்தான் இருந்தது.